கண்மாய்த் தூண்டில்லேர்ந்து கடல் தூண்டிலுக்கு: காரைக்குடி பக்கத்துக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு தூண்டில் ஒண்ணும் புதுசு இல்ல. ஊருணிலயும் கண்மாய்லயும் மண்புழு கோத்து கெண்டை, கெளுத்தி, ஜிலேபின்னு புடிச்சு, அதிர்ஷ்டம் இருந்தா ஒரு விராலும் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவங்க தான் பாதிப் பேரு. ஆனா கடல்ல போடணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் மொதல்ல கேக்குறது "எந்த ராடு வாங்கலாம், எந்த ரீல் நல்லாருக்கும்"னு தான். நான் பதில் சொல்றது வேற மாதிரி இருக்கும். மொதல்ல காத்து, அப்புறம் தண்ணி, அதுக்கப்புறம் தான் சாமான். இந்த வரிசைய மாத்துனீங்கன்னா எவ்வளவு காசு போட்டு வாங்குனாலும் வெறுங்கையோட தான் திரும்பணும்.

நான் இத கத்துக்கிட்டது ஒரு ஆடி மாசம் ஞாயித்துக்கிழமை. புது ராடு, புது ரீல், எல்லாம் பளபளன்னு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரா கீழக்கரை பக்கம் போனோம். கரைல நிக்கவே முடியல, காத்து மூஞ்சில மண்ணை அள்ளிப் போடுது, வீசுன ஈயம் பாதி தூரத்துல பொத்துன்னு விழுகுது, அலை அத திரும்ப எங்க காலுக்கே கொண்டாந்து தள்ளுது, தூண்டில் நரம்பு முழுக்க சிக்கு. அங்க வலைக்கு தையல் போட்டுக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, இப்ப கச்சான் காத்து அடிக்குது தம்பி, இங்கிட்டு நின்னு என்ன பண்ணப் போறீங்க, வடக்குக் கரைக்குப் போங்கன்னு சொன்னாரு. அரை மனசோட வண்டிய திருப்பி உச்சிப்புளி தாண்டி அரியமான் கரைக்குப் போனா, அதே நாள், அதே காத்து, ஆனா கடல் நம்ம ஊருணி மாதிரி கிடக்கு! காத்து முதுகுப் பக்கம் இருந்து அடிக்குது, ஈயம் தானா பறக்குது. சாயங்காலத்துக்குள்ள 11 கிழங்கான். அன்னைலேர்ந்து பைய தொறக்குறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாக்காம நான் கிளம்புறது இல்ல.

எந்தக் கரை, எந்த மாசம்

செட்டிநாட்டுல இருக்குறதுல ஒரு பெரிய வசதி இருக்கு, நமக்கே அது தெரியாது. ரெண்டு கடல் நமக்கு எட்டுற தூரத்துல இருக்கு. தொண்டி, எஸ்.பி.பட்டினம், மீமிசல், கோட்டைப்பட்டினம், தேவிபட்டினம், அப்படியே மண்டபம், பாம்பனோட வடக்குக் கரை, இதெல்லாம் பாக் நீரிணைப் பக்கம், மீனவங்க பாக் வளைகுடான்னும் சொல்வாங்க. சேதுக்கரை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், பாம்பனோட தெக்குக் கரை எல்லாம் மன்னார் வளைகுடா. ஒரு கடல் கொந்தளிக்கும்போது இன்னொண்ணு பெரும்பாலும் அமைதியா இருக்கும், இத மட்டும் மண்டைல ஏத்திக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுச்சு.

வைகாசி கடைசிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குக் காத்து, கச்சான்னு சொல்றது இதத்தான். தெக்குலேர்ந்து வந்தா சோளகம். இந்தக் காலத்துல மன்னார் வளைகுடா பக்கம் அலை பெருசு, பாக் பக்கம் காத்து கரைலேர்ந்து கடலுக்குப் போறதால தண்ணி அடங்கி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழில வாடை, வடகிழக்குலேர்ந்து. அப்ப அப்படியே தலைகீழ், பாக் பக்கம் கலங்கி சேறா அடிக்கும், தெக்குக் கரை அமைதியாயிடும். மாசிலேர்ந்து சித்திரை வரைக்கும் ரெண்டு பக்கமும் ஓரளவு சாந்தமா இருக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ற மாசம் மாசி, பங்குனி தான்.

ஒரு எச்சரிக்கை. காத்து கரைலேர்ந்து கடலுக்கு அடிக்கும்போது தண்ணி அமைதியா தெரியுதேன்னு காத்து அடைச்ச ரப்பர் ட்யூப், சின்ன மிதவைல ஏறி உள்ள போயிடாதீங்க. போறது ஈசி, திரும்பி வர முடியாது, காத்து தள்ளிக்கிட்டே போகும். கரைல நிக்கிறவங்களுக்கு நல்ல காத்து, மிதக்குறவங்களுக்கு அதே காத்து எமன்.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி ரெண்டு விஷயம் பாருங்க. ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ் நிறுவனம் கடலோட அலை உயரம், காத்து, நீரோட்டம் எல்லாத்துக்கும் முன்கூட்டி தகவல் போடுது, மீனவங்களுக்குன்னே போடுறது, நம்மளும் பாக்கலாம். அப்புறம் வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கை. மீனவங்களே கடலுக்குப் போக வேண்டாம்னு சொன்ன நாள்ல, பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துன நாள்ல, நமக்கு வீட்டுல தான் வேலை. காத்து வேகத்துக்கு என் கணக்கு இது, மணிக்கு 15 கிலோமீட்டருக்குள்ள இருந்தா சந்தோஷமா போகலாம், 15-லேர்ந்து 25 வரைக்கும் காத்து முதுகுல அடிக்கிற கரையா பாத்துப் போகணும், 25-க்கு மேல புது ஆளுங்க போகவே வேண்டாம். சில ஆப்ல நாட்ல காட்டும், 1 நாட்னா கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர், 12 நாட்னு பாத்து ஏமாந்துடாதீங்க, அது 22 கிலோமீட்டர்.

தண்ணி ஏறுதா வத்துதா

கண்மாய்ல இந்தப் பாடமே கிடையாது, அதனால தான் நம்ம ஆளுங்க இதுல சறுக்குறாங்க. கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் நடுவுல சுமார் 6 மணி நேரம். அதுவும் தினமும் ஒரே நேரத்துல வராது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். போன வாரம் காலைல ஆறு மணிக்கு மீன் கடிச்சுச்சுன்னு இந்த வாரமும் ஆறு மணிக்குப் போய் நின்னா கடிக்கும்னு சொல்ல முடியாது, ஏன்னா அந்த ஆறு மணித் தண்ணி இப்ப வேற தண்ணி.

நம்ம பக்கம் ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் கூட வராது. அவ்வளவுதானான்னு நினைக்காதீங்க. பாக் பக்கம் தரை அவ்வளவு தட்டையா இருக்கும், ஆழம் சராசரியா 10 மீட்டருக்குள்ள தான், அதனால ஒரு அடி தண்ணி வத்துனா கூட மீமிசல் மாதிரி இடத்துல கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் பின்னாடி போயிடும், நீங்க சேத்துல நின்னுக்கிட்டு இருப்பீங்க. கரைலேர்ந்து போடுறவங்க தண்ணி ஏற ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துலேர்ந்து உச்சத்துக்கு வர்ற வரைக்கும் போடுங்க, அப்ப இரை தேடி மீன் ஓரத்துக்கு வரும். ஆனா முகத்துவாரத்துல அப்படியே உல்டா, தண்ணி வத்தும்போது உள்ள இருக்குற சின்ன மீனும் இறாலும் வெளிய இழுபட்டு வரும், அந்த முகத்துவார வாசல்லயே கொடுவா மீன் காத்துக்கிட்டு இருக்கும். வைகை கடல்ல சேர்ற ஆத்தங்கரை பக்கம் மழைக்காலத்துல போய்ப் பாருங்க, கண்மாய் எல்லாம் ரொம்பி நல்ல தண்ணி கடலுக்குள்ள விழுகுற நாள்ல கொடுவா புடிக்கிறவங்க அங்க நிப்பாங்க.

அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஏத்த இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமி, நவமி பக்கம் தண்ணி மந்தமா கிடக்கும், நீரோட்டம் இல்லன்னா மீனும் மந்தம் தான். இதுல நம்ம வீட்டுக்குத் தோதா ஒரு விஷயம் இருக்கு. அமாவாசை அன்னைக்கு மீன் புடிச்சுட்டு வந்தா நிறைய வீட்டுல அடுப்புல ஏத்த மாட்டாங்க, ஆச்சி வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஆனா பெரிய தண்ணி வர்றது அமாவாசைக்கு மறுநாளு, அதுக்கு அடுத்த நாளு தான், கடல் தண்ணிக்கு நிலாவ எட்டிப் பிடிக்க ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். அதனால அமாவாசை கழிச்சு மறுநாள் போங்க, கடலும் ஒத்துழைக்கும் வீடும் ஒத்துழைக்கும்.

நீரோட்டத்த சில ஊர்ல நீவாடுன்னு சொல்வாங்க. அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குறதுக்கு ஒரு சின்ன குச்சி தூக்கிப் போட்டுப் பாருங்க போதும்.

தண்ணி நிறமும் முக்கியம். பாக் பக்கம் அடில சேறும் தாழையும், கடல் புல்லத்தான் தாழைன்னு சொல்றது. ஒரு நாள் பலமா காத்து அடிச்சா சேறு கிளம்பி ரெண்டு மூணு நாளைக்கு டீ மாதிரி நிக்கும். அந்தத் தண்ணில ரப்பர் மீன், ஸ்பூன்னு சொல்ற பளபளப்பான தகடு மாதிரி பொய் இரை எதுவும் வேலைக்கு ஆகாது, மீனுக்கு கண்ணே தெரியாது, வாசனை வர்ற இரை தான் போடணும். தெளிஞ்சு லேசா பச்சையா இருந்தா ரெண்டும் போடலாம். கண்ணாடி மாதிரி தெளிவுன்னா நரம்பு மெல்லிசா இருக்கணும், விடியக்காலையும் அந்தி நேரமும் தான் கடிக்கும். சித்திரை வெயில்ல மத்தியானம் ஓரத்துத் தண்ணி கொதிக்கும், மீன் ஆழத்துக்குப் போயிடும், பத்து மணிக்கு மேல நின்னு உங்க தோல உரிச்சுக்கிறது தான் மிச்சம்.

இப்ப சாமான்

விரால் புடிக்கிற மூங்கில் கம்பு, சின்ன ராடு எதுவும் இங்க ஆகாது. கரைலேர்ந்து போட 9 அடிலேர்ந்து 10 அடி ராடு, 30-லேர்ந்து 80 கிராம் வரைக்கும் ஈயம் தாங்குறதா பாருங்க, அந்த அளவு ராடு மேலயே எழுதி இருக்கும். ரீல் 4000 இல்ல 5000 சைஸ். ரெண்டும் சேத்து ஆரம்பத்துக்கு நாலஞ்சாயிரத்துக்கு மேல போக வேண்டாம், உப்புத் தண்ணில எப்படியும் மொத ரீல பாழாக்கித் தான் பழகுவோம். போட்டுல போறதா இருந்தா 7 அடி ராடு போதும், ஏன், ராடே வேண்டாம், கைநரம்பு போதும். போட்டுக்காரங்க பாதிப் பேரு இன்னமும் கைல தான் புடிக்கிறாங்க, மீன் மொத தடவை முட்டிப் பாக்குறது விரல்ல தெரியும் பாருங்க, அது ராடுல தெரியாது. புது ஆளு மொத போட்டுப் பயணத்துக்கு கைநரம்போட போறது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஆனா விரலுக்கு டேப் சுத்திக்குங்க, பெரிய பாரை இழுத்தா நரம்பு சதைய அறுத்துடும்.

ரீல்ல என்ன சுத்துறது? பிரெய்டுன்னா, அதாவது பின்னல் நரம்புன்னா, 20 இல்ல 30 எல்பி (பவுண்டு) தாங்குறது. மெல்லிசா இருக்கும், தூரம் போகும், ஆனா பாறைல உரசுனா பட்டுன்னு போயிடும், அதனால முன்னாடி ரெண்டு மீட்டர் சாதா நைலான் நரம்பு 0.50 இல்ல 0.60 மில்லிமீட்டர்ல லீடரா கட்டணும். இது ரெண்டையும் சேக்குறதுக்கு டபுள் யூனி முடிச்சு கத்துக்குங்க, வீட்டுல கதவுக் கொக்கில கட்டி இருட்டுல கூட போடுற அளவுக்குப் பழகுங்க. இழுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு மெதுவா இறுக்கணும், காஞ்ச நரம்பு சூடாகி அங்கேயே பலம் போயிடும். பிரெய்டு கஷ்டமா இருந்தா முழுசா நைலான் 0.40 போட்டே ஒரு வருஷம் ஓட்டலாம், ஒண்ணும் குறைஞ்சு போகாது.

தூண்டில் முள்ளு நம்பர்ல எல்லாரும் குழம்புவாங்க. 10, 8, 6, 4-ன்னு நம்பர் குறையக் குறைய முள்ளு பெருசாகும், 1 வந்ததுக்கப்புறம் 1/0, 2/0, 3/0-ன்னு மறுபடி ஏறும், அது ஏற ஏற இன்னும் பெருசு. கிழங்கானுக்கு 8 இல்ல 10, கழுத்து நீளமான முள்ளு, அதோட வாய் சின்னது. வெளமீன், பாரை, செப்பிலிக்கு 1/0, 2/0. கொடுவாக்கு 3/0-லேர்ந்து 5/0. ஊளி, சீலா வர்ற இடம்னா முள்ளுக்கு முன்னாடி ஒரு சாண் ஸ்டீல் கம்பி போடுங்க, இல்லன்னா பல்லுல கத்தரி மாதிரி வெட்டிட்டுப் போயிடும். பேர்ல ஒரு குழப்பம் இருக்கு, சென்னைக்காரங்க சீலான்னா நீளமா பல்லு வச்ச மீன சொல்லுவாங்க, நம்ம தெக்கத்திப் பக்கம் அது ஊளி, இங்க சீலான்னா வஞ்சிரம். கடைல கேக்கும்போதும் போட்டுல பேசும்போதும் இத ஞாபகம் வச்சுக்குங்க, நான் ஒரு தடவை சென்னைல இருந்து வந்த சொந்தக்காரரோட ஒரு மணி நேரம் வேற வேற மீனப் பத்தி பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

கட்டுறது ரெண்டே விதம் போதும். ஒண்ணு ஓடுற ஈயம்: ஓட்டை போட்ட ஈயக்குண்டு நரம்புல தானா ஓடும், அப்புறம் சுவிவல்னு சொல்ற சுழலுற வளையம், அதுலேர்ந்து ரெண்டு அடி நரம்பு, முள்ளு. மீன் இரைய எடுத்துக்கிட்டு நகரும்போது ஈயத்தோட கனம் அதுக்குத் தெரியாது, மணல் தரைக்கும் முகத்துவாரத்துக்கும் இது தான் சரி. ரெண்டாவது, ஈயம் அடில, அதுக்கு மேல ஒரு அடி விட்டு ஒரு கொப்பு, அதாவது கிளை மாதிரி ஒரு சின்ன நரம்பு, இன்னும் ஒரு அடி விட்டு இன்னொரு கொப்பு, ஒவ்வொண்ணுலயும் ஒரு முள்ளு. போட்டுலேர்ந்து பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டு) மேல நேரா எறக்குறதுக்கும், அடில தாழை அடர்ந்த இடத்துக்கும் இது தான், இரை புல்லுக்குள்ள புதையாம மேல நிக்கும். ஈயத்த மட்டும் கொஞ்சம் மெல்லிசு நரம்புல கட்டுங்க, கல்லுல மாட்டுனா ஈயம் மட்டும் அறுந்து மிச்சம் எல்லாம் கைக்கு வரும்.

ஈயம் எவ்வளவு? நீரோட்டத்துல உருளாம நிக்கிற அளவுக்கு எது கம்மியோ அது. 40 கிராம்ல ஆரம்பிச்சு நிக்கலன்னா 60, 80-ன்னு ஏத்துங்க.

ரீல்ல டிராக்னு ஒண்ணு இருக்கு, மீன் இழுத்தா நரம்பு விட்டுக் கொடுக்குறது. பல பேரு அத முழுசா இறுக்கி வச்சுடுறாங்க. நரம்போட பலத்துல மூணுல ஒரு பங்கு, இல்ல நாலுல ஒரு பங்குக்கு வைங்க. 9 கிலோ தாங்குற நரம்புன்னா ரெண்டரை மூணு கிலோ இழுப்புக்கு ரீல் கிர்ர்ருனு விடணும். வீட்டுல ஒரு ஸ்பிரிங் தராசுல கட்டி இழுத்துப் பாத்துக்குங்க. மீன் ஓடும்போது ஓட விடணும், நிக்கும்போது சுத்தணும், அவ்வளவு தான்.

இரை

மண்புழு எடுத்துட்டு வராதீங்க, உப்புத் தண்ணில கொஞ்ச நேரத்துல செத்து வெளுத்துடும். கடலுக்கு ராஜா இறால் தான், பச்சை இறால், தோலோட, வால் பக்கத்துலேர்ந்து கோத்தா வளையாம நேரா நிக்கும். கணவாய நீளமா வெட்டுன துண்டு கெட்டியா நிக்கும், சின்ன மீனு கொத்திக் கொத்தித் திங்கிற இடத்துல அதான் போடணும். சாளை எண்ணெய் வாசனைக்கு நல்லது, ஆனா வீசும்போதே பிஞ்சு போகும், தையல் நூலால ரெண்டு சுத்து சுத்திடுங்க. காரைக்குடிலேர்ந்து ஐஸ்ல வச்ச பழைய இறால் வாங்கிட்டுப் போறதுக்கு, அங்க கரைல ஏலம் போடுற இடத்துல வாங்குறது மேல். பாக் பக்கம் விசைப்படகு வாரத்துக்கு 3 நாள், நாட்டுப்படகு மிச்ச 4 நாள்னு முறை வச்சுருக்காங்க, எந்த நாள் யாரு முறைன்னு அந்த ஊர்ல ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போனீங்கன்னா இரையும் புதுசா கிடைக்கும், போட்டும் கிடைக்கும்.

ரப்பர் மீன், ஜிக் மாதிரி பொய் இரை எல்லாம் ரெண்டாவது வருஷத்துக்கு வச்சுக்குங்க. ஆசை இருந்தா 20, 30 கிராம்ல ஒரு வெள்ளி ஸ்பூன் மட்டும் பைல கிடக்கட்டும், பாரை கூட்டமா வந்து சின்ன மீன தண்ணிக்கு மேல தெறிக்க விடும்போது அத வீசி வேகமா சுத்துங்க.

போட்டுல போறதுன்னா

வள்ளமோ பைபர் போட்டோ, முன்கூட்டியே பேசிக்குங்க, எத்தன மணி நேரம், டீசல் யாரு, இரை யாரு, ஐஸ் யாரு, புடிக்கிற மீன் யாருக்கு. இத கரைலயே பேசிட்டா நடுக்கடல்ல மனஸ்தாபம் வராது. "என்ன சம்மாட்டி, காத்து எப்படி இருக்கு"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க, சம்மாட்டின்னா படகுக்காரரு, கீழக்கரை பக்கம்னா அண்ணன்ங்கிற அர்த்தத்துல காக்கான்னு கூப்பிடுவாங்க, பேச்சுலயே அந்த வாரம் எந்தப் பாருல என்ன கடிக்குதுன்னு வந்துடும். அவரு இன்னைக்கு வேண்டாம்னு சொன்னா வேண்டாம் தான், பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரம் வந்தோமேன்னு மல்லுக்கட்டாதீங்க.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு, கால்ல போட்டு உக்காருறதுக்கு இல்ல, உடம்புல மாட்டுறதுக்கு. நீச்சல் தெரியும்னு சொல்றவங்களும் தான், கண்மாய் நீச்சல் வேற, நீரோட்டத்துல நீச்சல் வேற. செல்போன தண்ணி படாத கவர்ல போடுங்க. கடலோரக் காவல் படை நம்பர் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும நம்பர் 1093, ரெண்டையும் பதிஞ்சு வைங்க. வீட்டுல யாராவது ஒருத்தருக்கு எந்த ஊரு, யாரு போட்டு, எத்தன மணிக்குத் திரும்புவோம்னு சொல்லிட்டுப் போங்க.

வாந்தி வரும். வெக்கப்பட வேண்டாம், நிறைய பேருக்கு மொத தடவை வரும். முந்தின ராத்திரி நல்லா தூங்கணும், காலைல வெறும் வயித்துலயும் போகாம, வயிறு முட்டவும் திங்காம ரெண்டு இட்லியோட கிளம்புங்க, மாத்திரை போடுறதா இருந்தா போட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடணும், ஆரம்பிச்சதுக்கப்புறம் போட்டா நிக்காது. குனிஞ்சு முடிச்சு போடாதீங்க, தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாருங்க. அதனால தான் முள்ளு எல்லாம் வீட்டுலயே கட்டி அட்டைல சுத்திக் கொண்டு போகச் சொல்றேன்.

போகக் கூடாத இடம், தொடக் கூடாத உயிர்

மன்னார் வளைகுடால தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, 1986-லேர்ந்து. வனத்துறை அனுமதி இல்லாம அங்க எறங்கவும் கூடாது, தூண்டில் போடவும் கூடாது. பாக் பக்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டர் கடல் பசுவுக்குன்னு 2022-ல ஒதுக்கியிருக்காங்க, மீனவங்க அத ஆவுளியான்னு சொல்லுவாங்க, அது திங்கிறது இந்தத் தாழையத் தான். அதனால நங்கூரத்த தாழைல இழுத்து அத வேரோட பேக்காதீங்கன்னு போட்டுக்காரர்ட்டயும் சொல்லுங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த நேரத்துல போட்டுல ஏறுறதுக்கு முன்னாடி எந்தப் படகுக்கு அனுமதின்னு மீன்வளத்துறைல கேட்டுக்குங்க. ராமேஸ்வரம் பக்கம் இலங்கை எல்லை ரொம்பக் கிட்ட, மீன் கடிக்குதேன்னு கிழக்க போய்க்கிட்டே இருக்கக் கூடாது. பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல நின்னு போடுறத நான் பாத்திருக்கேன், பஸ் உரசிக்கிட்டுப் போகும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. தனுஷ்கோடி அரிச்சல்முனைல ரெண்டு கடல் மோதுற இடத்துல தண்ணி காலுக்கு அடில மண்ண உருவும், அங்க எறங்கி நின்னு வீசுறது வேண்டவே வேண்டாம்.

கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, இதெல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், சுறா, உழுவை, திருக்கை வகைலயும் சிலது அந்தப் பட்டியல்ல இருக்கு. என்னன்னு தெரியாம ஏதாவது மாட்டுனா போட்டோ எடுத்து நேரத்த கழிக்காம தண்ணில விட்டுடுங்க. உள்ளங்கை அளவு கூட இல்லாத குஞ்சும் அப்படித் தான், கைய நனைச்சுட்டுப் புடிச்சு விடுங்க. அறுந்த நரம்ப கரைல போடாதீங்க, ஆமை கழுத்துல சுத்துறது நம்ம விட்ட நரம்பு தான்.

நம்ம கைய கடிக்கிறதும் இருக்கு. கடல் கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு, ஓரா மீனுக்கு துடுப்புல எல்லாம் முள்ளு, ரெண்டுலயும் விஷம். கண்மாய்க் கெளுத்திய புடிச்ச பழக்கத்துல அமுக்கிப் புடிச்சீங்கன்னா ராத்திரி பூரா தூக்கம் கிடையாது. குறடு வச்சு தூண்டில் முள்ள கழட்டுங்க. ஓரத்துத் தண்ணில நடக்கும்போது கால தூக்கி வைக்காம தரைல தேச்சுக்கிட்டே நடங்க, திருக்கை படுத்திருந்தா விலகிப் போயிடும், மிதிச்சா தான் வால சொடுக்கும். குத்திடுச்சுன்னா பொறுக்குற அளவு சூட்டுத் தண்ணில, 45 டிகிரி பக்கம், அரை மணி நேரத்துக்கு மேல முக்கி வைங்க, அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும், அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. ஒரு பிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டுப் போறது என் வழக்கம், டீக்கும் ஆகும். வயித்த உப்பிக்கிட்டு வர்ற பேத்தை மீன வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது, அதோட விஷம் கொதிக்க வச்சாலும் போகாது, உயிரையே எடுத்துடும்.

ஐப்பசில சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பிச்சா ராட கீழ போட்டுட்டு வண்டிக்குள்ள போங்க. கார்பன் ராடு மின்சாரத்த கடத்தும், வெட்ட வெளில 10 அடி ஒசரத்துக்கு அத தூக்கிக்கிட்டு நிக்கிறது நீங்க மட்டும் தான்.

வீடு வந்து சேர்ற வரைக்கும்

மீன் உசுரா குதிக்கும்போதே தலைல தட்டி, பெரிய மீனா இருந்தா செவுள்கிட்ட வெட்டி ரத்தத்த வடிச்சுடணும். மீன் எடை எவ்வளவோ அவ்வளவு ஐஸ், ஐஸ பொடிச்சு மீனோட ஒட்டுற மாதிரி போடணும், பாளம் பாளமா போட்டா நடுவுல காத்து தான் இருக்கும். தொண்டிலேர்ந்து திருவாடானை, தேவகோட்டை வழியா வீடு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், ராமேஸ்வரம்னா மூணு மணி நேரம், வெயில்ல டிக்கில வெறும் கவர்ல கட்டிக் கொண்டாந்த மீனுக்கு எங்க ஆச்சி எவ்வளவு மிளகு அரைச்சு ஊத்துனாலும் ருசி வராது. கிழங்கான வறுக்கணும், வெளமீன மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கணும், இதுல மட்டும் நான் யாரோடயும் சமரசம் பண்றது இல்ல.

மீன அடுக்களைல குடுத்துட்டு நேரா போய்ப் படுத்துடாதீங்க. ராடு, ரீல், முள்ளு எல்லாத்தையும் நல்ல தண்ணில கழுவணும், ரீல டிராக்க இறுக்கிட்டு மெல்லிசா தண்ணி விட்டுக் கழுவுங்க, பைப்ப வேகமா அடிச்சா உப்பு உள்ள போயிடும். துடைச்சு, நிழல்ல காய வச்சு, டிராக்க தளத்திட்டு, சுத்துற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்க. தேதி, திதி, எந்தக் கரை, காத்து எந்தப் பக்கம், தண்ணி ஏத்தமா வத்தமா, நிறம் என்ன, என்ன இரை, என்ன கடிச்சுச்சு, எதுவும் கடிக்கலன்னாலும் எழுதுங்க. என் நோட்டுல மொத பக்கத்துல இருக்குறது இது தான்: "ஆடி, ஞாயிறு. கீழக்கரை, கச்சான், ஒண்ணும் இல்ல. அரியமான், அதே கச்சான், கிழங்கான் 11."